நான் குதிக்காத நாள்

மல்யுத்த மேடையில் நான் ஆறரை அடி. என் எதிராளி என் இடுப்பு உயரம்தான். ஆனால் விசிலெல்லாம் அவனுக்கு.

தினமும் காட்சியின் கடைசியில் அவன் என்னைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அவன் கை பட்டதும் நானே குதித்து ஏறிக்கொள்வேன். பத்து வருஷமாக இதுதான் எங்கள் ரகசியம்.

நேற்று என் மகளே, "அந்த மாமாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக் குடுப்பா" என்றாள். வயிறு பற்றி எரிந்தது.

இன்று குதிக்கவில்லை. கருங்கல்லாக நின்றேன். ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

அவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மறுநொடி நான் அவன் தலைக்கு மேல் இருந்தேன்.

பூப்போல இறக்கிவிட்டு, காதோடு சொன்னான்:

"தேங்க்ஸ்ண்ணே. இத்தனை வருஷமா நீங்க குதிக்கிறதுதான் எனக்கு இடைஞ்சலா இருந்துச்சு. மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல."