முப்பதாவது பக்கம்

“நெல்டா, அடுப்புப் பக்கம். நான், ஜன்னல் பக்கம். பூனை, மனு உறை மேல” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார் வெர்லின்.

“பூனையை எல்லாமா எழுதுவாங்க?”

“யார் எங்க உட்கார்ந்திருந்தாங்கன்னு எழுதலைன்னா அது என்னம்மா பதிவு? தீயணைப்புல இருந்த முப்பது வருஷமும் இப்படித்தான் எழுதினேன்.”

நெல்டா பூனையைத் தூக்கிக் கீழே விட்டாள். மனு இன்று மூன்று மணித் தபாலில் போயாக வேண்டும். போலீஸின் ரேடியோ பேச்சை வெளியார் யாரும் கேட்க முடியாதபடி பூட்டிவிட மாவட்டக் குழு தீர்மானம் கொண்டுவரப்போகிறது. கூடாது என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ‘நாங்கள் கேட்பதால் எவருக்கும் ஒரு நிமிடம்கூடத் தாமதம் நேர்ந்ததில்லை’ என்பது அவளே யோசித்து எழுதிய வரி. அதற்குச் சாட்சி, கேட்டதை நேரத்தோடு வெர்லின் குறித்துவந்த பதிவுப் பக்கங்கள். இன்றைய பக்கத்தோடு முப்பது.

மேசை நடுவில், ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்கும் இரண்டு ஸ்கேனர்கள். பழையது தீயணைப்புக்காரர்களின் அனலாக் பேச்சுக்கு, எப்போதும் கரகரக்கும். புதியது போலீஸின் டிஜிட்டல் பேச்சுக்கு. கேட்டால் கணீரென்று கேட்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே கேட்காது.

பழையது கரகரத்தது. “கிரீக் ரோடு, கடைசிப் பண்ணை. இரும்புக் குதிர்ல சோளம் சரிஞ்சு, உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டார்.”

நெப்ராஸ்காவில் அறுவடை மாதம் என்றால் இந்தச் செய்தி கேட்டதும் எல்லோரும் தங்கள் வீட்டு ஆள் எங்கே என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஆனால் நெல்டாவின் விரல் பழக்கத்தில் முந்திக்கொண்டது. ஸ்கேனரில் கேட்பதை உடனே போடுவதற்கென்றே அவள் நடத்தும் ஃபேஸ்புக் பக்கத்தில் நாலாயிரம் பேர். முகவரியைத் தட்டி அனுப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“வெர்லின்... அது டிராவிஸ் வேலை பார்க்கிற பண்ணை! அங்க இருக்கிறதே ரெண்டு பேர்தான். என் பையனும் ராயும்.”

“தெரியும்மா. உட்காரு.”

“கிளம்புங்க, போயிடலாம்!”

“போகக் கூடாது. நாம போய் ரோட்டை அடைக்கக் கூடாது. ஊருக்கு நான் காலமெல்லாம் சொன்னது அதைத்தான்.”

மகனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

“யாருன்னு பேரைச் சொல்லித் தொலைங்களேன்டா!” என்று ஸ்கேனரைப் பார்த்துக் கத்தினாள்.

“ரேடியோல பேர் சொல்ல மாட்டாங்க. உனக்குத் தெரியாததா?” வெர்லின் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார்.

“இந்த நேரத்துல எழுத்து ஒரு கேடா?”

“கை சும்மா இருந்தா தாங்காதும்மா.”

பழையது: “மார் வரைக்கும் சோளம். ஆளைச் சுத்தி இறக்கத் தடுப்புத் தகடு வேணும், கொண்டு வர்ற வண்டி எங்கப்பா?”

புதியது: “பாலத்துக்கு இந்தப் பக்கமே நிக்குது. ரோடு பூரா கார். முப்பதுக்கு மேல இருக்கும். எல்லாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.”

“பாவிங்களா!” நெல்டா மேசையில் அறைந்தாள்.

பழையது: “கழுத்துக்கு வந்துடுச்சு. சீக்கிரம்!”

புதியது: “மத்த காரையெல்லாம் ஒதுக்கியாச்சு. ஒரு சிவப்பு பிக்கப் மட்டும் பாலத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. பூட்டிட்டு இறங்கி ஓடிட்டான்.”

“அவனைப் பிடிச்சு உள்ள போடுங்க! அவனைப் பெத்தவ என்ன லட்சணத்துல வளர்த்தாளோ!” என்று கத்திவிட்டு, ஏழாவது தடவையாக மகனை அழைத்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

புதியது: “வண்டி சீட்டுல ஒரு போன் விடாம அடிக்குது. ‘அம்மா’ன்னு காட்டுது.”

நெல்டா மெல்ல அழைப்பைத் துண்டித்தாள்.

ஒரு நொடி கழித்து: “இப்ப நின்னுடுச்சு.”

புதியது தொடர்ந்தது. “பையன் திரும்பி ஓடி வந்துட்டான். மெஷினுக்கு பெல்ட் வாங்க டவுனுக்குப் போயிருந்தானாம். ஃபேஸ்புக்ல பார்த்துட்டுப் பதறி வந்தேங்கறான். வண்டியை எடுத்துட்டான். தகடு வண்டி போகுது.”

“அவன் உள்ள இல்ல! வெர்லின், என் பையன் உள்ள இல்ல!” அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்; சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெர்லின் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வெகுநேரம் வெறும் கரகரப்பு. பிறகு பழையது சொன்னது: “ஆள் வெளிய. மூச்சு இருக்கு. ஹெலிகாப்டர்ல ஏத்துறோம்.”

வெர்லின் ஒரு வரி எழுதினார். பக்கத்தைக் கிழித்து அவள் பக்கம் தள்ளினார். “முப்பதாவது பக்கம். தபால் வண்டிக்கு நேரமாச்சு” என்றவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, “நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்று வெளியேறினார்.

மனுவோடு வைப்பதற்காக நெல்டா அதை எடுத்தாள்.

‘2.14: அழைப்பு. 2.16: நெல்டா முகவரியை ஃபேஸ்புக்கில் போட்டாள். 2.31: தகடு வண்டி பாலத்தில் நின்றது. 2.44: நகர்ந்தது. 2.58: என் தம்பி ராய் வெளியே வந்தான், உயிரோடு.’

நெல்டா மனுவையும் மற்ற இருபத்தொன்பது பக்கங்களையும் மாவட்டக் குழுவின் முகவரி எழுதிய உறையிலிருந்து உருவி மேசையில் வைத்தாள்; அந்த ஒரு பக்கத்தை மட்டும் உள்ளே போட்டு ஒட்டி, வாசல் தபால் பெட்டியில் வைத்து, தபால்காரர் நின்று எடுத்துப்போவதற்காக அதன் சிவப்புக் கொடியை நிமிர்த்தினாள்.