அப்பாவின் எண்

"பிரிக்காதடி, கிருமி இருக்கும்."

"இத்தனை நாள் உயிரோட இருக்காதும்மா."

அப்பாவை எரித்தபின் கொரோனா வார்டிலிருந்து கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பை, வாய் ஒட்டியபடியே சங்கவியின் மடியில் இருந்தது. உள்ளே அவருடைய செல்போன்.

"டாக்டர் படிப்புக்கான பரீட்சைய அடுத்த வருஷம் எழுதிக்கயேன்."

"விண்ணப்பிக்க இன்னிக்குத்தான் கடைசி. பதிஞ்சப்போ அப்பா அவர் நம்பரைத்தான் குடுத்திருக்காரு. ஓடிபி அதுக்குத்தாம்மா வரும்."

பையைக் கிழித்தாள். சார்ஜ் ஏறியதும் போன் விழித்தது. ஓடிபி வந்தது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

"அணைச்சிடவாம்மா?"

"வேணாம். சார்ஜ்லயே கெடக்கட்டும்."

அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. திரையில் அம்மாவின் பெயர். எடுக்கப் போன சங்கவி கையை இழுத்துக்கொண்டாள். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.