ஒரு அண்டா பச்சை

தென்துருவக் கடலின் பச்சைக்கு விலை, புள்ளி ஒன்றுக்கு மூன்று மீன்பிடி நாள். அங்கே நுண்பாசி கூடினால் உலகத்துத் துறைமுகங்கள் திறக்கும்; குறைந்தால் பூட்டுதான். கப்பலிலிருந்து அந்தப் பச்சையை அளந்து அனுப்புகிறவள் கிளாரா.

அன்று நான்கு புள்ளி ஏறியது. அனுப்பிய சூட்டோடு தூத்துக்குடியிலிருந்து கணவன் லாசர் கூப்பிட்டான்.

"ஏளா, ரெண்டு வருசம் கழிச்சுக் கடலுக்குப் போறோம்! ஒன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

கப்பலின் சமையலறைக்கு ஓடிச் சமையல்காரர் காதர் பாயிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"எனக்கும் நல்ல நாள்தான். கெட்டுப்போன கீரைக் கடைசல், ஒரு அண்டா, காலையில கடல்ல கொட்டிட்டேன். கேப்டன்கிட்ட சொல்லிராதம்மா."

"எந்தப் பக்கம் பாய்?"

"முன்பக்கம். ஒன் குழாய் தண்ணி உறிஞ்சுமே, அதுக்கு மேலதான்."

கிளாரா ஓடிப்போய்க் குழாயின் வடிகட்டியைத் திறந்தாள்; உள்ளே கீரை. அவள் கூப்பிட்டபோது லாசர் நடுக்கடலில் இருந்தான்.

"அந்தப் புள்ளி பொய்ங்க, குழாய்ல ஏறுனது பாசி இல்ல, கொட்டுன கீரை. திருத்தி அனுப்பப் போறேன், திரும்பி வந்துருங்க."

"திருத்துனா புள்ளைகளுக்கு என்னத்தப் போடுவ? ஒன் கீரையையா?"

கிளாரா திருத்தத்தை அனுப்பினாள். அது போய்ச் சேர்வதற்குள் உலகெங்கும் வலைகள் இறங்கிவிட்டன. எடுத்த மீன் எடுத்ததுதான். கடலுக்கு வரவு, ஒரு அண்டா கீரை. மற்றதெல்லாம் பாக்கி.