சங்கு ஊதாத சாமி

சமாதி மேலிருந்த சங்கை எடுத்துக் குலுக்கினார் சென்னிமலை. முகர்ந்தார். வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இத்துனூண்டு சங்க எப்படி ஊதுனாரு உங்க சாமியாரு?"

"ஊதறதுக்கு இல்லீங்க சாமி. அதுலதான் பால் குடிப்பாரு" என்றாள் குப்பாயி. சமாதிப் பக்கம் மேய வந்த ஆட்டுக்குட்டியையும், "அக்கட்டால போ சாமி" என்று விரட்டினாள்.

சென்னிமலை சேலத்தில் ஏட்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் சந்தேகப்படாத வஸ்து பூலோகத்தில் கிடையாது. மேச்சேரிச் சந்தையில் ஆடு பிடித்தால், அது ஆடுதான் என்று அதன் வாயாலேயே வாக்குமூலம் வாங்கிக்கொண்டுதான் கயிற்றைத் தொடுவார்.

பென்ஷனுக்குப் பிறகு பிடிக்கத் திருடன் இல்லை. சமாதிகளைப் பிடித்துக்கொண்டார்.

பேர்பெற்ற மனிதர் யார், எங்கே அடங்கியிருந்தாலும் கரியில் ஓடும் பஸ் ஏறிப் போய்விடுவார். கும்பிட அல்ல, விசாரிக்க.

வாழப்பாடிப் பக்கம் ஒரு பயில்வான் சமாதி. வெறுங்கையால் புலியைக் கொன்றவராம். விசாரித்ததில் அது காட்டுப்பூனை, அதுவும் கிழடு. ஆத்தூர் ரஸ்தாவில் ஒரு புலவர் சமாதி. பாடியே மழையை இறக்கியவராம். விசாரித்ததில், பாட ஆரம்பிக்கும்போதே அவர் கையில் குடை இருந்திருக்கிறது.

செத்தவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பார்கள். சென்னிமலைக்கு அதிலும் சந்தேகம்.

இன்றைக்கு வந்திருப்பது ராசிபுரத்துக்குப் பக்கத்தில், மச்சினன் அருணகிரி புதிதாக வாங்கிய காட்டுக்கு. கிணறு வெட்ட நீரோட்டம் பார்த்தவன் குச்சியை ஊன்றிய இடம், சரியாக இந்தச் சமாதியின் தலைமாடு. மெய்யான சாமியார் என்றால் கிணறு நகரும். போலி என்றால் சமாதி நகரும். தீர்ப்பு ஏட்டய்யா கையில். கடப்பாரைக்காரர்கள் புளியமரத்து நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

சாமியாரின் கீர்த்தி நாமக்கல் வரைக்கும் பரவியிருந்தது. வாழையிலையில் உட்கார்ந்து காவிரியைக் கடந்தாராம். முறைத்துப் பார்த்தால் கொல்லிமலை ரெண்டடி பின்வாங்குமாம்.

கொள்ளைநோய் வந்த வருஷம், வேலை தேடி எங்கிருந்தோ நடந்து வந்த குப்பாயி இந்த மேட்டில் விழுந்து, "எஞ்சாமீ, எஞ்சாமீ" என்று கதறியபோதுதான் இப்படி ஒரு மகான் இருந்ததே ஊருக்குத் தெரிந்தது. மிச்சத்தை ஊர் சேர்த்துக்கொண்டது.

ஆக, மற்றவர்கள் எல்லாம் கேட்டவர்கள். பார்த்தவள் இவள் ஒருத்திதான். இவளைக் குடைந்தால் குட்டு உடைந்துவிடும். சென்னிமலை குஷியாகக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"பால் மட்டுந்தானா? யாருக்கும் தெரியாம ஒரு களியுருண்டை, கோழிக்கொழம்பு?"

"வேற எதையும் தொட்டதில்லீங்க."

"உடுப்பு? காவியா, பட்டா?"

"இடுப்புல அரைஞாண் கயிறு மட்டுந்தாங்க. கோவணங்கூட இல்லீங்க."

"உபதேசம்?"

"வாய் தொறந்து ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. சிரிப்பாரு. பண்ணாடியப் பாத்தாலும் சிரிப்பாரு, பிச்சைக்காரனப் பாத்தாலும் அதே சிரிப்புத்தாங்க."

"இந்த ஊருக்கு எப்படி வந்தாரு? நடந்தா, வண்டி கட்டியா?"

"அவரு பாதம் மண்ணுல பட்டதே இல்லீங்க."

சென்னிமலைக்கு வேர்த்தது. பொய்க்கு ஒரு வாடை உண்டு. அவர் மூக்குக்கு அது மூன்று ஊர் தள்ளியே தெரியும். இங்கே ஒன்றும் அடிக்கவில்லை.

"காவேரியத் தாண்டுனாரே, அது?"

"அது எனக்குத் தெரியாதுங்க சாமி."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய்க்காரியாக இருந்தால் இந்த இடத்தில் இன்னொரு ஆற்றையும் சேர்த்திருப்பாள்.

சமாதியைச் சுற்றி வந்தார். ஒரு குடை நிழலுக்குள் அடங்கிவிடும். அதிலும் பிடி கிடைக்கவில்லை. சந்நியாசிகளை உட்காரவைத்துப் புதைப்பதுதானே வழக்கம்.

"என்னுங்க மச்சான், சாமியா சவடாலா? வெயிலேறுதுங்க!" மரத்தடியிலிருந்து அருணகிரி கத்தினான்.

கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. போலிச் சாமிக்குப் பேர் நீளமாக இருக்கும்; ஒரு மூச்சில் சொல்லி முடியாது. அவர் சர்வீஸில் கண்ட உண்மை.

"அவரு பேரென்ன?"

குப்பாயி முதல் தடவையாகத் தயங்கினாள். சமாதியின் மேல் விழுந்திருந்த சருகை எடுத்துத் தூரப் போட்டாள்.

"பேரு வெக்கறதுக்குள்ள போயிருச்சுங்க."

போயிட்டாரு இல்லை. போயிருச்சு.

சென்னிமலை கையிலிருந்த சங்கைப் பார்த்தார். அவர் வீட்டு அடுக்களை மாடத்திலும் இதேபோல ஒன்று கிடக்கிறது. ஏழு பிள்ளை பெற்றவர். ஒரு நாளும் அதைக் கையால் எடுத்துப் பால் புகட்டியதில்லை.

இருந்த இடத்தில், இருந்த வாக்கிலேயே அதை வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். எந்தச் சமாதியிலும் கழற்றாத செருப்பு.

அருணகிரி கடப்பாரை ஆட்களோடு தடதடவென்று வந்து நின்றான்.

"என்னுங்க மச்சான், தோண்டலாங்களா?"

"கெணத்த அந்தக் கோடியில வெட்டிக்க மாப்ள. வாழையெலையில காவேரியத் தாண்டுனது நெசம். திருமணிமுத்தாறும் தாண்டியிருக்குது."

அருணகிரி வாயைப் பிளந்தான். "மெய்யாலுமா?" என்று கூவினான்.

சென்னிமலை உதட்டில் விரல் வைத்தார்.

"மெல்லப் பேசு மாப்ள. சாமி தூங்குது."