தேயிலைத் தொட்டியில் அரக்குப் பட்டு

பாலைக் காய்ச்சுகிறேன், தேநீர் குடிக்கிறேன், ஃபேக்டரிக்கு நடக்கிறேன். தேயிலை விலை விழுந்த பிறகு இங்கே பாதி நாள் வேலை இல்லை. இன்று இலை வாட்டும் தொட்டியின் கம்பி வலைமேல் கிடப்பது, மாமியார் இலங்கையை விட்டு வந்தபோது கண்டியிலிருந்து கொண்டுவந்த அரக்குப் பட்டு. என் மனைவி புஷ்பராணி எங்கள் கல்யாணத்தில் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை சரிதா தன் கல்யாணத்துக்குக் கட்ட வேண்டும். பந்தலூர் மழையில் வெயிலே இல்லை. சேலையில் பூஞ்சை வாடை. மாமியாரும் சரிதாவும் பக்கத்தில் நிற்க, விசிறியைப் போடுகிறேன். கீழிருந்து வரும் இளஞ்சூட்டுக் காற்றில் பட்டு மெல்ல உப்புகிறது. கறுத்த சரிகையைச் சரிதா துணியால் துடைக்க, மஞ்சள் மினுக்கம் திரும்புகிறது. “கொழுந்து வாசம் ஏறிட்டா என்னடி பண்ணுவ?” என்கிறார் மாமியார். “ஏறட்டும்மா. மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊத்துற வேலை மிச்சம்,” என்று சரிதா சிரிக்கிறாள். மாமியாரும் சிரித்தபடி மடிப்புகளை விரலால் தடவுகிறார். புஷ்பராணி போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. பெட்டியில் கிடந்த பட்டு மடிப்பில் கிழிந்திருக்கும் என்று அவருக்குப் பயம். ஓரிடத்திலும் கிழியவில்லை. “யாரு மச்சான் மடிப்பு மாத்திப் போட்டது?” என்கிறாள் சரிதா. “நான்தான்.” இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பில் ஏறும்போது புஷ்பராணி கடைசியாகச் சொன்னது அதுதான்: “மழ வருது, சேலைய மடிப்பு மாத்திப் போடுங்க. இல்லாட்டி இத்துப் போயிரும்.”