வரிசையில் நின்ற புகார்ப் பெட்டி

குடிநீர் அலுவலகச் சுவரில் தொங்கிய புகார்ப் பெட்டிக்குத் தன் வெறும் வயிற்றைப் பற்றி ஒரே பெருமை. "இந்த ஊர்ல யாருக்கும் ஒரு குறையும் இல்லை" என்று தினமும் கடிகாரத்திடம் அளக்கும்.

"கடைசித் தெருவுக்குப் போய்க் கேட்டியா?" என்றது கடிகாரம் ஒருநாள்.

பெட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆணியிலிருந்து குதித்து நேரே கடைசித் தெருவுக்கு நடந்தது. அங்கே குழாயடியில் நாற்பது குடங்கள் வரிசையாக நின்றன.

"உங்க குறை என்ன? என்கிட்ட மனு போட ஏன் யாருமே வர்றதில்லை?"

"வந்தா எங்க இடம் போயிடும்" என்றது கழுத்து நசுங்கிய பச்சைக் குடம். "இங்க பேசணும்னா முதல்ல வரிசையில நில்லு."

பெட்டி கடைசியில் போய் நின்றது. வெயில் ஏறியது. முன்னால் இன்னும் மூன்று குடங்கள் இருக்கும்போதே குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்துபோனது.

"நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடு, பழகிடும்" என்று சிரித்தது பச்சைக் குடம்.

மறுநாள் காலை, காணாமல்போன பெட்டியைத் தேடிக்கொண்டு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நான்காவதாக நின்ற பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார்.

"இடம் பிடிச்சிருக்கேன், சார்" என்றது பெட்டி. "நீங்க பின்னாடி போய் நில்லுங்க."