தக்காளிக்கு என்ன கோளாறு?

"பிழைச்சுக்குமா மேடம்? எதுவானாலும் மறைக்காம சொல்லுங்க."

அப்பாவின் குரல் கம்மியது. தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். எரிகிற கட்டடத்துக்கு முன்னால்கூட அசராத மனிதர்.

தோட்டக்கலை அதிகாரியம்மா மொட்டைமாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டியில் தலை சாய்ந்திருந்த தக்காளிச் செடியைப் புரட்டிப் பார்த்தார். இலைகளின் ஓரமெல்லாம் கருகியிருந்தது. ஒரு தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினார்.

"வாடல் நோயா இருந்தா வெட்டின இடத்துல பால் மாதிரி கசியும். இது கசியல. தொட்டியில நல்ல தண்ணியா நிறைய ஊத்தி, அடியில வடிய விடுங்க சார். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்."

"இதுக்குன்னே லீவு நாள்ல வர்றீங்களே!" அப்பா உருகிப்போனார்.

டீ கொண்டுவந்த மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். போன வாரம் மிளகாய், அதற்கு முந்தின வாரம் கத்தரி. ஒன்று தேறினால் இன்னொன்று படுத்துவிடும்.

நேற்று முன்தினம் துணி உலர்த்த மாடிக்கு வந்தபோதுதான் அவளுக்குக் குட்டு வெளிப்பட்டது. அப்பா ஒரு சொம்புத் தண்ணீரில் கைநிறைய உப்பைக் கலக்கி, தக்காளி வேரில் ஊற்றிக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கடா கண்ணு" என்று அதனிடம் கெஞ்சல் வேறு!

அம்மா போனபிறகு அப்பா சலவைச் சட்டை போடுவதே இந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அவரைக் காட்டிக்கொடுக்க மகளுக்கு மனசு வரவில்லை. அதற்காக ஒரு நல்ல மனுஷியை இப்படி அலையவிடவும் மனசு கேட்கவில்லை.

வழியனுப்ப வாசல்வரை போனவள், கேட்டைப் பிடித்தபடி போட்டு உடைத்துவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். செடிக்கு ஒரு வியாதியும் இல்ல. நீங்க வரணும்னு அப்பாவேதான் ஏதாவது பண்ணி வைக்கிறார். இனிமே நீங்க அலைய வேணாம்."

அதிகாரியம்மா மாடியை அண்ணாந்து பார்த்தார். கைப்பிடிச் சுவரோரம் நின்று அப்பா கையாட்டிக்கொண்டிருந்தார். இவரும் ஆட்டினார்.

"முதல் வாரமே தெரியும்மா. கத்தரி இலையில பஞ்ச் மெஷினால ஓட்டை போட்டிருந்தார். எந்தப் புழு அவ்வளவு வட்டமா கடிக்கும்?"

"அப்புறம் ஏன் மேடம்...?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"செடிக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, நான் எதைச் சாக்கு வச்சு வர்றது?"